ஐந்தாம் படத்தின் மேல்பக்கம்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. சொன்னால் கோபப்படக் கூடாது. பாறைத் துண்டின் படம் ஒன்றை நீட்டினால் போதும், அதில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எண்ணத் தொடங்கிவிடுகிறீர்கள். நத்தை, சிப்பி, ஆளி என்று பெயர்களாக வந்து விழுகின்றன. மேல் எது, கீழ் எது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. போன முறை நான் வந்தபோது வேண்டுமென்றே ஒரு படத்தைத் தலைகீழாகக் கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழகாகப் பேசினீர்கள். எனக்கு இருப்புக் கொள்ளாமல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். மேடத்துக்கு முதுகுவலி என்று நினைத்து நாற்காலிக்கு ஒரு தலையணை வேறு கொண்டுவந்து வைத்தீர்கள்.

முதுகு நன்றாகத்தான் இருக்கிறது. சிவகாசி அச்சகம் ஒன்றில் நான் தவித்த ஒரு ஆடி வெள்ளிக்கிழமை ஞாபகத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எல்லோர் கையிலும் செல்போன் கிடையாது. எங்கள் துறையில் இருந்தது பிலிம் போடுகிற கேமரா. நான் விருதுநகரில் ஒரு கல்லூரியில் நிலவியல் துறைக்குத் தலைவி. என்னிடம் முத்துமாரி என்று ஒரு பெண் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஊர் எம். புதுப்பட்டி. அவள் அம்மா முன்பு காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், மழை பொய்த்த பிறகு பட்டாசுக் கம்பெனிக்கு மாறியவர். அப்போது வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்தான். முத்துமாரி அதிகம் பேச மாட்டாள். பேசினால் அதைத் திரும்பச் சொல்ல வைக்க முடியாது. எனக்கு நேர் எதிர். நான் ஒரே விஷயத்தை மூன்று முறை கத்திச் சொல்லிவிட்டு, சொன்னேனா என்று நானே கேட்கிற ஆள்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் புயல். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கடலின் அடி வெறும் சேறு. சேற்றுக்குள் புதைந்து, மூச்சுக்குழாயை மட்டும் மேலே நீட்டி வாழ்கிற சிப்பிகள் அங்கே குடியிருந்தன. பெரிய புயல் அடித்தால் அலையின் ஆட்டம் கடலடி வரைக்கும் இறங்கும். சேற்றைக் கலக்கும், சிப்பிகளைத் தோண்டி எறியும், செத்த ஓடுகளை எல்லாம் வாரிக்கொண்டு போகும். புயல் அடங்கும்போது கனமான ஓடுகள் முதலில் விழும், அதன்மேல் மணல், கடைசியாக மெல்லிய சேறு. ஆகவே புயல் அடுக்கின் அடிப்பக்கம் கத்தி வைத்து வெட்டியதுபோல் இருக்கும், மேல்பக்கம் மெதுவாகக் கரைந்து போகும். பெரும்பாலான தனி ஓடுகள் கவிழ்ந்து கிடக்கும், ஏனென்றால் ஓடுகிற தண்ணீர் அவற்றைப் புரட்டிவிடும், கவிழ்ந்த ஓடுதான் அசையாமல் நிற்கும்.

இதுவரைக்கும் எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. முத்துமாரி அதற்கு மேலே போனாள். சில இடங்களில் சேறு அலம்பிப் போய் ஓடுகள் மட்டும் தளம் போட்டதுபோல் தங்கிவிடுகின்றன. சேற்றில் காலூன்ற முடியாத ஆளிச் சிப்பிகள், ஒட்டிக்கொண்டு வாழும் மற்ற உயிர்கள், அந்த ஓட்டுத் தளத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே புதிதாகக் குடியேறுகின்றன. பழைய சேற்றுக் கூட்டம் போய்விட்டது, இப்போது தரை இவர்களுடையது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேறு படிந்து தளத்தை மூடினால் இவர்கள் ஒழிந்து சேற்றுச் சிப்பிகள் வருவார்கள், அடுத்த புயல்வரை. அங்குள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் சுவரில் இப்படித் தரை கைமாறியதை அடுக்கு அடுக்காக அவள் காட்டினாள். அவளுடைய எழுத்தின் ஓரத்தில் நான் ஒரு இடத்தில் ‘புயலுக்குப் பின் சமூகம் மீண்டது’ என்று சேர்த்திருந்தேன். அவள் அதை அடித்துவிட்டாள்.

“அதுக மீளல மேடம். வேற ஆளுக வந்து குடியிருந்தாக, அம்புட்டுத்தான்.”

சரி, பிடிவாதக்காரி என்று விட்டுவிட்டேன். அதில் வேறு என்ன இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

அவளுடைய ஆய்வேட்டை மதிப்பிட அமர்த்தப்பட்டவர் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தின் பெரிய ஆள். நேர்மையானவர், ஆனால் புயல் என்றாலே அவருக்கு ஆகாது. அந்த ஓட்டு அடுக்குகள் அமைதியான கடலில் தலைமுறை தலைமுறையாக மெதுவாகச் சேர்ந்தவை என்பது அவருடைய பழைய கட்சி. கற்களை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டார். மரப்பெட்டியில் வைத்து லாரியில் அனுப்பினோம். அதற்கு முன்பே சுரங்கக்காரர்கள் அந்தச் சுவரை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள், அது அவர்கள் பிழைப்பு. ஆகக் கல் அவரிடம், சுவர் எங்கும் இல்லை, எங்கள் கையில் மிஞ்சியது எட்டுக் கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றை நல்ல தாளில் அச்சடித்து ஆய்வேட்டோடு வைக்கச் சொல்லியிருந்தார். வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம். அதில் தவறினால் முத்துமாரியின் உதவித்தொகை நின்றுவிடும். பிறகு அம்மா போகிற அதே கம்பெனி வேனில் அவளும் ஏற வேண்டியதுதான், அதை அவளே என்னிடம் சாதாரணமாகச் சொல்லியிருந்தாள்.

ஆடியில் சிவகாசி அச்சகத்துக்குள் நுழைந்து பாருங்கள். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும், தீபாவளிக்குப் பட்டாசு லேபிள் போக வேண்டும். மிஷின் ஓயாது. வெளியே ஆடிக்காற்று ஜன்னல் கதவுகளை அடித்து அடித்துத் திறக்கிறது, புழுதி உள்ளே வருகிறது, தாள்கள் பறக்காமல் இருக்க ஆளுக்கொரு செங்கல். நானும் முத்துமாரியும் ஆமத்தூர் வழியாகப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கினோம்.

அச்சகத்தின் முதலாளி ஜமால் பாய். எங்கள் கல்லூரி வேலைகளைப் பல வருஷமாகச் செய்துகொடுப்பவர். வெள்ளைச் சட்டையோடு புறப்படத் தயாராக நின்றார்.

“டீச்சரம்மா, உங்களுக்காக ஒரு மிஷின சும்மா நிறுத்தி வச்சிருக்கேன், வயிறு எரியுது. பிளேட் ஏத்தியாச்சு. ஜும்மாவுக்குப் போயிட்டு வாரேன், வந்ததும் ஓட்டிருவோம். பின்னாலயே மத்தாப்பு லேபிள் லோடு நிக்குது. இத விட்டா தீபாவளி கழிச்சுத்தான் பாத்துக்கோங்க.”

“நீங்க தொழுதுட்டு வாங்க பாய், பாத்து வைக்கிறோம்” என்றேன். பாய் கிளம்பிப் போனார்.

கம்ப்யூட்டரில் படங்களைச் சுத்தம் செய்து சேர்க்கிறவர் செல்வம். நாற்பது வயதை நெருங்கியவர், வேலையில் படுசுத்தம். மாதிரி அச்சுத் தாளை மேஜைமேல் விரித்தார். எட்டுப் படமும் பளிச்சென்று இருந்தன. எனக்குத் திருப்தி. கைப்பையை எடுத்துக்கொண்டு டீ குடிக்கலாமா என்று திரும்பினால், முத்துமாரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“மேடம், அம்பு எங்க?”

நாங்கள் சுவரிலிருந்து கல்லை எடுக்கும் முன்பே அதன்மேல் ஒரு அம்பு போடுவோம், மேல் எந்தப் பக்கம் என்பதற்கு. எனக்கு வேலை பழக்கிய மூத்தவர் ஒருவர் அம்பில்லாத கல்லை ஜீப்பில் ஏற்றவே விடமாட்டார், இறங்கி நடந்து வா என்பார். முத்துமாரியின் கற்களில் அம்பு பின்பக்கம் இருந்தது, படத்தில் விழாது. அதனால் அச்சுக்குக் கொடுத்த ஒவ்வொரு போட்டோவிலும் சிவப்பு மெழுகுப் பென்சிலால் அம்பு போட்டிருந்தாள். இப்போது மேஜையில் கிடந்த எட்டில் ஒன்றில்கூட அம்பு இல்லை. அதோடு எல்லாப் படங்களிலும் ஓடுகள் கிண்ணம்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன.

“செல்வம், படத்தைத் திருப்பினீங்களா?” என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. மிஷின் ரூமிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

செல்வம் பயந்துபோனார். “செவப்புக் கோடா இருந்துச்சு மேடம். ஸ்கேன் பண்ணுறதுக்கு முன்னாடி எந்தப் படத்தையும் பஞ்சு வச்சுத் தொடைச்சிருவோம். இல்லன்னா அச்சுல கறுப்பா அப்பிக்கும். அப்புறம் அந்தச் சிப்பியெல்லாம் கவுந்து கெடந்துச்சு. ஆடி வெள்ளில ஓடுற வேலை, கவுத்துப்போட்ட சட்டி மாதிரி எதுக்குன்னு நிமித்தி வச்சேன். இங்கன குடமோ விளக்கோ கவுந்து அச்சாயிருச்சுன்னா ஆர்டர் குடுத்தவுக மூஞ்சியில முழிக்க முடியாது மேடம்.”

அவர் ஊரில், அவர் தொழிலில், அவர் செய்தது முழுக்கச் சரி. லட்சுமியின் கைக்குடத்தை எத்தனையோ வருஷமாக நிமிர்த்தியே அச்சடித்துவருகிற கை அது. ஆனால் எங்களுக்கு அது என்ன செய்கிறது என்று பாருங்கள். புயல் அடுக்கைத் தலைகீழாக வைத்தால், கத்தி வெட்டுப்போன்ற அடிப்பக்கம் மேலே போய்விடும், கரைந்து போகிற மேல்பக்கம் கீழே வந்துவிடும். மெதுவாகத் தொடங்கி, நாளாக நாளாக ஓடு சேர்ந்து, பிறகு சட்டென்று நின்ற அடுக்குபோல் தெரியும். அதாவது வடக்கத்திப் பெரியவர் சொல்கிற அமைதியான கடல். அவள் பல வருஷம் வெயிலில் நின்று சேர்த்ததை அவளே அவர் கட்சிக்கு எழுதிக்கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

முத்துமாரி வேகமாக வேலையில் இறங்கினாள். கல்லின் ஓரம் உடைந்த விதத்தை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னாள். இந்த மூக்கு இடது கைப்பக்கம், இந்தப் பள்ளம் மேலே. செல்வம் கூடவே குறித்துக்கொண்டார். ஏழு படம் முடிந்தது. ஐந்தாவதில் மட்டும் நின்றுவிட்டாள்.

அந்தக் கல்லை மட்டும் ரம்பத்தால் நாலு பக்கமும் சதுரமாக அறுத்திருந்தோம். எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்தைப் போலவும் இருந்தது. போட்டோவின் முதுகில் எண் மட்டும் எழுதியிருந்தாள். கல்லை எந்தப் பக்கம் வைத்துப் படமெடுத்தோம் என்று நெகட்டிவும் சொல்லாது, எதைத் திருப்பினோம் என்று செல்வத்துக்கும் ஞாபகமில்லை. கல்லின் முதுகில் இருக்கும் அம்பைப் பார்த்துச் சொல்லச் சொல்லிப் பெரியவருக்கு அச்சகத்திலிருந்தே எஸ்.டி.டி. போட்டோம், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை.

எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். “ஓடுகள் கவிழ்ந்தாப்ல வச்சிரு. மத்த ஏழும் அப்படித்தானே இருக்கு? நாம சொல்றதுக்கு அதுதான் பொருந்தும்.”

“பொருந்துதுன்னு வைக்கக் கூடாதுல்ல மேடம்? நாம சொல்றது சரியான்னு காட்டத்தான் இந்தப் படமே.”

“அப்போ ஐந்தாவதை எடுத்துரு. ஏழு போதும்.”

“இதுல மட்டுந்தான் உசுரோட பொதஞ்சது இருக்கு.”

அதுவும் உண்மை. மற்ற ஏழிலும் கிடப்பவை செத்துக் காலியான ஓடுகள். ஐந்தாவதில் இரண்டு ஓடும் மூடியபடி ஒரு முழுச் சிப்பி இருந்தது, அதன் பின்னால் மணலில் அது வந்த தடம் நீளமாக இருந்தது. புயல் திடீரென்று மணலைக் கொட்டி மூடியபோது அது மேலே ஏறித் தப்பப் பார்த்திருக்கிறது, பாதி வழியில் நின்றுவிட்டது. அமைதியான கடலில் எந்தச் சிப்பிக்கும் இப்படி ஓட வேண்டிய அவசியமே இல்லை. மற்ற ஏழை வைத்துப் புயல் என்று சொல்லத்தான் முடியும். ஐந்தாவது ஒன்றுதான் நிரூபிக்கும்.

ஆனால் நான் அங்கே ஒரு கேள்வி கேட்டேன். தேர்வில் எப்படியும் வரப்போகிற கேள்வி.

“மேலே ஏறுச்சுன்னு எப்படிச் சொல்ற? படத்தைத் திருப்பிப் பார். சிப்பி கீழே இருக்கு, தடம் மேலே இருக்கு. சாதாரண நாள்ல கீழே தோண்டிக்கிட்டுப் போற சிப்பியாக்கூட இருக்கலாமே? அதுதானே அதோட வேலை?”

முத்துமாரியின் முகம் மாறிவிட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“எங்கக்காவையும் அப்படித்தான் மேடம் சொன்னாக.”

அவளுக்கு அக்கா இருந்ததே எனக்குத் தெரியாது.

“கம்பெனில வெடிச்சப்ப அக்கா மருந்து கலக்குற செட்டு வாசல்ல செத்துக் கெடந்தா. வேணும்ங்கிறதுக்கு மேல மருந்த அள்ளிக்கிட்டு உள்ள போய்க்கிட்டிருந்தா, அதான் வெடிச்சுச்சு, தப்பு அவ மேலன்னு சொல்லிட்டாக. அவ உள்ள போனாளா, வெளிய ஓடியாந்தாளான்னு யாரு கண்டா? வாசல்ல மணலு போட்டிருக்கும். உள்ள செருப்புப் போடக் கூடாது, எல்லாரும் வெறுங்காலுதான். காலு எந்தப் பக்கம் பாத்திருந்துச்சுன்னு மணல்ல இருந்திருக்கும்லா? நாங்க போறதுக்குள்ள கூட்டிப் பெருக்கித் தண்ணி தெளிச்சிட்டாக. எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் அதத்தான் கேக்கு.”

 செல்வம் கையில் இருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ‘சமூகம் மீண்டது’ என்று நான் எழுதியதை அவள் ஏன் அடித்தாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இப்போது கவனமாகக் கேளுங்கள், இதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அந்த நிமிஷத்தில் சிப்பி மேலேதான் ஏறியது என்று நான் உள்ளூர முடிவு செய்துவிட்டேன். அவளுக்காக. அந்த முடிவுக்கு ஒரு பைசா மதிப்புக் கிடையாது. அவள் அக்காவைப் பற்றி முடிவு செய்தவர்களும் தங்களுக்கு வேண்டியதைத்தான் முடிவு செய்தார்கள். நமக்கு வேண்டிய பதில் ஒன்று இருக்கிறபோது, நம் கண்ணை நாமே நம்பக் கூடாது.

“மணலைப் பார்ப்போம் முத்துமாரி” என்றேன். “சிப்பியை விடு.”

ஒரு உயிர் மணலுக்குள் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும், அது விட்டுவிட்டுப் போன இடம் காலியாகும். சுற்றியுள்ள மணல் அந்தக் காலியிடத்தில் சரிந்து இறங்கும். அதனால் தடத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய மணல் வரிகள் தொய்ந்து தொங்கும். மணல் எந்தக் காலத்திலும் கீழ்நோக்கித்தான் சரியும், மேல்நோக்கிச் சரியாது. வரி தொங்குகிற பக்கம் எதுவோ அது கீழ். நம் புயல் கட்சியும் அவர் அமைதிக் கட்சியும் மணலுக்குத் தெரியாது.

செல்வம் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது. ஆடிக்காற்றில் எங்கோ கம்பி உரசியிருக்கும். திரை இருண்டுவிட்டது. ஜும்மா முடிந்து ஆட்கள் தெருவில் வரத் தொடங்கிவிட்டார்கள், ஜன்னலில் தெரிந்தது. நான் போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு வாசல் வெயிலுக்கு ஓடினேன். அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸை எடுத்துக்கொண்டு இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

முத்துமாரியை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். அங்கே கிடந்த மத்தாப்பு லேபிள்களில் இரண்டை எடுத்துச் சிப்பியையும் ஓடுகளையும் மூடினேன். தடத்தின் இரண்டு முனையும் மறைந்து, நடுத்தடமும் பக்கத்து மணல் வரிகளும் மட்டும் வெளியே தெரிந்தன. எந்தப் பக்கம் எங்களுக்குச் சாதகம் என்று செல்வத்துக்கு இனித் தெரிய வழியில்லை.

“செல்வம், லென்ஸை வச்சுப் பாருங்க. இந்தக் கோடெல்லாம் எந்தப் பக்கம் தொங்குது? தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்.”

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். காற்று லேபிளைத் தூக்கப் பார்த்தது, விரலால் அமுக்கிக்கொண்டேன். அவர் ஒரு ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். நான் போட்டோவைத் திருப்பி வைத்து மறுபடி கேட்டேன். மறுபடி பார்த்து, அதே ஓரத்தைக் காட்டினார். குறுக்கே வைத்தும் கேட்டேன். “அதே பக்கந்தான் மேடம். ஊஞ்சக் கயிறு மாதிரி தொங்குதுல்ல, நல்லாத் தெரியுது.” அந்த ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வைத்தேன்.

முத்துமாரி இன்னும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு எதிர் ஓரத்தில் விழுந்திருந்தால் அவளுடைய ஆய்வு அந்த வாசலிலேயே முடிந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் அப்படி நின்றாள். திரும்பச் சொன்னேன். லேபிள்களை எடுத்தேன்.

செல்வம் கோடு போட்ட ஓரத்தைக் கீழே வைத்தால், தடம் கீழேயிருந்து மேலே போனது. சிப்பி அதன் உச்சியில் இருந்தது. ஓடுகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன.

அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன், அன்றைக்கு முதல்முறையாக.

ஜமால் பாய் தொப்பியை மடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். நாங்கள் மூவரும் வாசலை அடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். புது பிலிம் எடுக்க வேண்டும், புது பிளேட் போட வேண்டும், லேபிள் லோடு காத்திருக்க வேண்டும் என்று சொன்னதும் கையை உதறினார்.

“என்ன டீச்சரம்மா இது? ஒரு செத்த சிப்பிக்கா இம்புட்டுப் பாடு?”

“அது உசுரோட பொதஞ்சது பாய்” என்றார் செல்வம். “வெளிய வரப் பாத்திருக்கு. நான் அதத் தலகீழா வச்சிட்டேன்.”

பாய் செல்வத்தின் முகத்தைப் பார்த்தார், பிறகு முத்துமாரியைப் பார்த்தார். அந்த வட்டாரத்தில் இருக்கிறவருக்கு அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. “கரண்ட் வரட்டும், புது பிளேட் போடு. லேபிள்காரன் ஒரு டீயக் குடிச்சிட்டு நிக்கட்டும், நான் பேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கரண்ட் வந்ததும் செல்வம் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் கறுப்பாக ஒரு அம்பு போட்டார். அது நான் கேட்காதது. “எம்புட்டுப் பெருசு போடட்டும்?” என்று முத்துமாரியிடம் மட்டும் கேட்டார். “இது பிலிம்லயே ஏறிருது. இத ஒருத்தனும் தொடைக்க முடியாது.”

வாய்மொழித் தேர்வுக்கு வடக்கத்திப் பெரியவர் ஒரு துணிப்பையோடு வந்தார். எல்லாக் கேள்வியையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஐந்தாம் படத்துக்கு வந்தார். இதன் மேல்பக்கம் எது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றார். முத்துமாரி தன் கருத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மணல் வரிகளைக் காட்டினாள், அவை சரிந்த பக்கம் கீழ் என்றாள், சிப்பி வெளியே வந்துகொண்டிருந்தது என்றாள். அவர் பையிலிருந்து அந்தச் சதுரக் கல்லை எடுத்து, படத்தில் உள்ளபடி அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு கல்லின் முதுகை எங்கள் பக்கம் திருப்பினார். அவள் சுரங்கச் சுவரில் ஏணிமேல் நின்று தீட்டிய வெள்ளை அம்பு அங்கே இருந்தது. அச்சில் இருந்த அம்பும் அதுவும் ஒரே பக்கம் பார்த்தன. அச்சகத்தில் நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. எங்களுக்கு ஏன் கண் கலங்குகிறது என்று புரியாமல் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மற்ற அடுக்குகளில் பாதியை அவர் கடைசிவரை புயல் என்று ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவதை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். முத்துமாரி வேனில் ஏறவில்லை. இன்றைக்கு நீங்கள் படிக்கிற பாடத்தில் தரை கைமாறுகிற பகுதி அவள் எழுதியது.

இனி நீங்கள் எடுக்கிற கல்லில் அம்பு இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், படத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாமல் என்னிடம் வந்தால் ஜீப்பிலிருந்து இறங்கி நடந்து வரச் சொல்வேன், புதியவர்கள் என்று பார்க்க மாட்டேன்.

தேர்வு முடிந்த அடுத்த ஞாயிறு புதுப்பட்டிக்குப் போயிருந்தேன். அச்சில் மிஞ்சிய தாள் ஒன்றை முத்துமாரி அம்மாவிடம் விரித்துக் காட்டினாள். அவர் கையில் வெடிமருந்துச் சாயம் நகக்கண்ணில் ஏறியிருந்தது, ஈரத்துணியில் துடைத்துக்கொண்டுதான் தாளைத் தொட்டார்.

“இது என்னத்தா?”

“சிப்பிம்மா. புயல்ல மணலு மூடிருச்சு. வெளிய வந்துக்கிட்டிருந்துச்சு.”

“வந்துருச்சா?”

“இல்லம்மா. பாதியில நின்னுபோச்சு.”

அம்மா தடத்தின் அடியில் விரலை வைத்து மெதுவாக மேலே கொண்டுபோனார். சிப்பிக்கிட்டே போனதும் விரல் நின்றது. தலையைத் தூக்கி, மகளை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்.

“வெளியதான் வந்திருக்கு, என்ன? நிச்சயந்தானே?”

“நிச்சயம்மா. மணல்ல இருக்கு, பாருங்க.”

அவர் அந்த மணல் வரிகளின்மேல் விரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

“நல்ல வேள” என்றார். “இத யாரும் கூட்டிப் பெருக்கல.”